நாலாம் மேசையின் பொத்தான்

சாம்பசிவனை மைக் பிடிக்கச் சொன்னது யார்? ஒருத்தரும் சொல்லவில்லை. அவராகத்தான் மேடை ஏறினார்.

கோவிலம்பாக்கம் மண்டபத்தில் அன்றைக்குப் பள்ளிக்கூடங்களுக்கான வினாடி வினா. கடைசிக் கேள்வி வரைக்கும் ஒன்றாம் மேசையும் நாலாம் மேசையும் சம மதிப்பெண். கேள்வியை முழுசாகப் படித்து முடிப்பதற்குள் இரண்டு மேசையிலும் பொத்தான் அமுங்கியது. முதலில் அமுக்கிய மேசைக்குத்தான் பதில் சொல்லும் வாய்ப்பு. திரையில் பெரிதாக ‘1’ என்று விழுந்தது. ஒன்றாம் மேசைப் பெண் சரியான பதிலைச் சொன்னாள், மண்டபம் கைதட்டியது. அப்போது நாலாம் மேசையில் அரசுப் பள்ளி மாணவி ஷர்மிளா எழுந்து நின்றாள்.

"மிஸ், நான்தான் மொதல்ல அமுக்கினேன். பதிலும் எனக்குத் தெரியும்."

கேள்வி கேட்ட டீச்சர் குழம்பிப்போய் இங்கும் அங்கும் பார்த்தார். சாம்பசிவனுக்குச் சுருக்கென்றது. அந்தப் பொத்தான் பெட்டி அவர் கையால் செய்தது. அதைச் சந்தேகப்பட்டால் சும்மா இருப்பாரா? விறுவிறுவென்று மேடை ஏறி மைக்கை வாங்கினார்.

"மனுஷன் கண்ணு ஏமாறும், மெஷின் ஏமாறாது. அதுக்கு என் பொண்ணையும் தெரியாது, உங்க பொண்ணையும் தெரியாது. பாப்பா, நீ கொஞ்சம் லேட்டு. அவ்வளவுதான்."

மண்டபமே சிரித்தது. ஷர்மிளா உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்த தோழிகள் இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். ஒன்றாம் மேசையில் பதில் சொல்லி ஜெயித்த பெண் தமிழினி. சாம்பசிவனின் ஒரே மகள்.

இனி அந்தப் பெட்டியின் கதையைச் சொல்ல வேண்டும். கீழ்க்கட்டளையில் தன் வீட்டு முன் அறையிலேயே பட்டறை வைத்து, சின்னச் சின்ன மின்னணுக் கருவிகள் செய்து விற்கிறவர் சாம்பசிவன். அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. சுண்டுவிரல் நகத்தளவு சிப் ஒன்றை எடுத்துக்கொள்வார். யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டரோடு பேசுவதற்குப் பெரிய சிப்களில் தனியாக ஒரு பாகமே இருக்கும். இதில் அது கிடையாது. இல்லாவிட்டால் போகட்டும் என்று, அந்த வேலையையும் புரோகிராமாகவே எழுதி அதன் தலையில் கட்டுவார். இரண்டு கம்பிகளில் மின்சாரத்தை ஏற்றி இறக்கி, துளி முந்தாமல், துளி பிந்தாமல், கம்ப்யூட்டர் எதிர்பார்க்கும் தாளத்திலேயே அந்தச் சிப் பேச வேண்டும். கம்ப்யூட்டர் கூப்பிட்டால் கையிலிருக்கும் வேலையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிவர வேண்டும். இல்லாவிட்டால் இது என்ன கருவியென்றே தெரியவில்லை என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிடும். அப்படி ஒரு ஒண்டிக்கட்டை சிப்பைப் பேச வைத்துவிட்டோம் என்பதில் மனிதருக்குத் தலைகால் புரியாத பெருமை.

பெருமை அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் தாக்குப்பிடித்தது.

அன்றைக்கு மேடவாக்கத்து அபார்ட்மெண்ட் ஒன்றிலிருந்து பழைய வேலை ஒன்று திரும்பி வந்திருந்தது. தரைக்கடியில் இருக்கும் சம்ப்புத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று ஆபீஸ் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கருவி அது. அதன் புரோகிராமைத் திறந்தார். கம்ப்யூட்டர் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வந்து கேட்க வேண்டும் என்பதைச் சிப்தான் முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும். வினாடிக்குப் பத்து தடவை கேட்டால் போதும் என்று அதில் எழுதியிருந்தார். அதற்குமேல் எதற்கு? லாரித் தண்ணீர் பறந்துகொண்டா வரப்போகிறது?

பார்த்துக்கொண்டே இருந்தவருக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. வினாடி வினாப் பெட்டிக்கு இதே புரோகிராமைத்தானே எடுத்துப் போட்டோம்? ஓடிப்போய் அதையும் திறந்தார். சம்ப்புக்கு எழுதிய அதே எண், மாறாமல் உட்கார்ந்திருந்தது. அது மட்டுமா? கம்ப்யூட்டர் வந்து கேட்கும்போதுதான் சிப் பொத்தான்களைத் திரும்பிப் பார்க்கும். அந்த இடைவெளிக்குள் யார் முந்தினார்கள் என்பது அதற்குத் தெரியாது. பார்க்கும்போது இரண்டும் அமுங்கியிருந்தால் ஒன்றிலிருந்து வரிசையாக எண்ணி, முதலில் கிடைத்ததைச் சொல்லிவிடும்.

பெட்டியை லேப்டாப்பில் செருகினார். நாலை அமுக்கி, கண் சிமிட்டும் நேரம்கூட விடாமல் ஒன்றை அமுக்கினார். திரையில் ‘1’. மறுபடி அமுக்கினார். சில தடவை நாலு வந்தது, பல தடவை ஒன்றுதான் வந்தது. மாற்றி ஒன்றை முதலில் அமுக்கிப் பார்த்தார். அப்போது ஒரு தடவைகூட நாலு வரவில்லை. மேசை எண்ணைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுத்தார்கள், அது நிஜம். ஆனால் அதை இப்போது எந்த மடையன் நம்புவான்?

போட்டியை நடத்தியவர் மண்டபத்துக்குச் சொந்தக்காரர் சுப்பராயலு. அவருடைய அப்பா காலத்தில் அந்த இடம் நெல் வயல். சாம்பசிவன் அவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"சார், இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" என்றார் சுப்பராயலு. "பேனர் அடிச்சாச்சு. அதுல பாப்பா போட்டோ கீது. சனிக்கெழம தாம்பரத்துல பைனலு. இப்பப் போயி மெஷின் தப்புன்னு சொன்னா, அப்பங்காரன் பொண்ணுக்கோசரம் செஞ்ச வேலைன்னுதான் ஊரு பேசும். கம்முனு வுடுங்க."

கம்மென்று விடுங்கள் என்று கேட்டதும் சாம்பசிவனுக்கு நெஞ்சு லேசானது. அதுதான் அசிங்கம். போனை வைத்தபிறகு, நெஞ்சு லேசானதை நினைத்தே மனிதர் குறுகிப்போனார். ‘பாப்பா, நீ கொஞ்சம் லேட்டு’ என்று தன் குரலே காதில் கேட்டது. எவ்வளவு ஒய்யாரமாகச் சொன்னோம், ஜனங்கள் சிரித்ததும் எப்படிப் பூரித்துப்போனோம் என்று நினைக்க நினைக்கக் கூசியது.

சாயங்காலம் டியூஷன் முடிந்து வந்த தமிழினியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். அழுவாள் என்று நினைத்தார். அவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்பா," என்றாள்.

"என்னம்மா தெரியும்?"

"அவ கை முதல்ல இறங்கிச்சு. நான் பார்த்தேன். அதைப் பார்த்த பதட்டத்துலதான் நானும் அமுக்கினேன்."

"அங்கேயே சொல்லியிருக்கலாமேம்மா."

"நீதான் மைக்ல மெஷின் ஏமாறாதுன்னு சொன்னியே. அப்ப என் கண்ணுதான் ஏமாந்துடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். அப்புறம்... ஜெயிச்சதும் பிடிச்சிருந்துச்சுப்பா."

இத்தனை வருஷம் உண்மை பேசு, உண்மை பேசு என்று சாம்பசிவன் சொல்லி வளர்த்த பெண். அவள் கண்ணால் பார்த்ததையே பொய்யென்று நம்ப வைத்துவிட்டாரே. இவரெல்லாம் ஒரு தகப்பன்.

மறுநாள் இரண்டு பேரும் பெட்டியையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஷர்மிளாவின் அம்மா புஷ்பலதாவுக்குக் கீழ்க்கட்டளை மார்க்கெட்டில் மீன் கடை. பள்ளி விட்டு வந்த ஷர்மிளா அங்கே ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தாள். சாம்பசிவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னா சார் வேணும்? சங்கரா கீது, நெத்திலி கீது," என்றார் புஷ்பலதா.

"மீன் வாங்க வரலைம்மா. உங்க பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன்."

ஐஸ் பெட்டி மூடிமேல் எல்லாவற்றையும் வைத்தார். ஷர்மிளாவை நாலை அமுக்கச் சொன்னார், தமிழினியை அவளுக்குப் பின்னால் ஒன்றை அமுக்கச் சொன்னார். ‘1’ விழுந்தது. திரும்பத் திரும்ப அமுக்கினார்கள், திரும்பத் திரும்ப ஒன்றே விழுந்தது. சம்ப்பு, லாரித் தண்ணீர், மாற்ற மறந்த எண் என்று எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, சாம்பசிவன் ஷர்மிளா பக்கம் திரும்பினார்.

"தப்பு என்னோடதும்மா. நீதான் முதல்ல அமுக்கின."

ஷர்மிளா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"ஸ்கூல்ல என்னை லேட்டுன்னுதான் கூப்புடுறாங்க சார். லேட்டு வருது, லேட்டு போவுதுன்னு. எங்க டீம்ல ரெண்டு பேரும் பேசறதில்ல. என் கைதான் சரியில்லன்னு நானே நெனச்சிக்கினு இருந்தேன்."

"போனது போவட்டும் வுடுடி. பெரியவரு தேடிக்கினு வந்து சொல்றாரு இல்ல," என்றார் புஷ்பலதா.

"வந்து சொன்னாரு, சரிம்மா. ஆனா இங்க யாரு கேக்கறா? நீயும் நானும் மீனுந்தான்." அவள் சாம்பசிவனை அப்போதுதான் நேராகப் பார்த்தாள். "அன்னிக்கு மைக்ல சொன்னீங்களே சார்."

இதையும் மைக்கில்தான் சொல்ல வேண்டும் என்பது சாம்பசிவனுக்குப் புரிந்தது. தலையை ஆட்டினார். காதோடு காதாக ஒரு மன்னிப்பைக் கேட்டு, அது கிடைத்தால் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம் என்றுதானே வந்தார்? அந்தப் பெண் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

அடுத்த சில நாட்கள் சுப்பராயலு அவரைத் திட்டாத திட்டு இல்லை, ஆனாலும் ஒருவழியாக டீமை மாற்ற ஒத்துக்கொண்டார். ஷர்மிளாவின் பள்ளிக்குப் போய், சனிக்கிழமை எல்லாப் பிள்ளைகளையும் தாம்பரத்துக்கு அனுப்பச் சொல்லித் தலைமையாசிரியர் முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார் சாம்பசிவன். பைனலுக்கும் அதே பெட்டிதான் என்பதால் மிச்ச நேரமெல்லாம் அதோடு உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டே இரு, முதலில் அமுங்கியது எது என்று அப்போதே நினைவில் வைத்துக்கொள் என்று அந்தச் சிப்புக்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்தார். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

சனிக்கிழமை தாம்பரத்து அரங்கில் அவர் மேடை ஏறி மைக்கை வாங்கினார்.

"போன தடவை ஜெயிச்சிருக்க வேண்டியது ஷர்மிளா டீம். என் பெட்டி தப்பாச் சொல்லிச்சு. அதைவிடப் பெரிய தப்பு, ஒரு தடவைகூடச் சோதிச்சுப் பார்க்காம, அந்தப் பொண்ணு லேட்டுன்னு நான் இதே மாதிரி மைக்ல சொன்னது. ஷர்மிளா லேட் இல்லை. என்னை மன்னிச்சுடும்மா."

யாரும் கைதட்டவில்லை. "பொண்ணு ஜெயிக்கணும்னு செஞ்சிட்டு, மாட்டிக்கினதும் நடிக்கிறான் பாரு," என்று நடு வரிசையில் யாரோ சொன்னது நன்றாகவே கேட்டது. சாம்பசிவன் மறுக்கவில்லை. மறுத்தால் மறுபடியும் பெட்டியைப் பற்றிப் பேச வேண்டிவரும். மைக்கை வைத்தார்.

தமிழினி தன் தோழிகளோடு மேடையில் இருந்த நாற்காலிகளை விட்டு எழுந்தாள். கடைசி வரிசையிலிருந்து ஷர்மிளாவும் அவளுடைய இரண்டு தோழிகளும் நடந்து வந்தார்கள். மற்ற டீம்கள் இன்னும் மேசைகளுக்குப் போகவில்லை, எந்த மேசை வேண்டும் என்று டீச்சர் கேட்டார். ஷர்மிளா நாலாம் மேசையைக் காட்டினாள். தோழிகள் உட்கார்ந்தார்கள், அவள் உட்காரவில்லை.

"தமிழினி, கொஞ்சம் இரு. நீ போயி ஒண்ணை அமுக்கு. நான் மொதல்ல, நீ பின்னாலயே."

மேடை ஓரத்தில் நின்ற சாம்பசிவன் திரையையே பார்த்தார். இரண்டு கைகள் அடுத்தடுத்து இறங்கின. திரையில் ‘4’ விழுந்தது. இன்னொரு தடவை என்றாள் ஷர்மிளா. மறுபடியும் ‘4’. அடுத்து தமிழினியை முந்தவிட்டு, தான் பின்னால் அமுக்கினாள். ‘1’ விழுந்தது.

"இப்ப சரி," என்று சொல்லிவிட்டு ஷர்மிளா உட்கார்ந்தாள்.