சவரிமுத்துவின் வாக்கு

கெல்சென்கிர்ச்சன் நகர நூலகத்தில் ஒரு கண்காட்சி. ஊரில் குடியிருக்கும் ஒவ்வொரு நாட்டவரும் ‘எங்கள் நாட்டை உருவாக்கியவர்கள்’ என்று ஒரு பலகை எழுதித் தரவேண்டும். நூலகத்தின் கடிதத்தைப் பார்த்ததும் தமிழ்ச் சங்கத் தலைவி ஜெயமலர், பரராசசிங்கத்துக்குத்தான் தொலைபேசி எடுத்தாள். அவர் மருத்துவமனைச் சமையலறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் மூன்று வருடம் சரித்திரம் படிப்பித்தவர். அந்த மூன்று வருடத்தைத்தான் சங்கத்தில் எல்லோரும் ஞாபகம் வைத்திருந்தார்கள், அவரும்.

இரண்டு கிழமை உட்கார்ந்து எழுதினார். எழுத எழுதப் பழைய மாசி நாலாம் திகதிச் சுதந்திர தினங்கள் திரும்பி வந்தன. பள்ளிக்கூட முற்றத்தில் வரிசை, கையில் கடதாசிக் கொடி, தின்ன ஆளுக்கொரு சீனிப் பணிஸ். சுதந்திரம் வாங்கித் தந்தவர்களின் பெயர்களை எட்டு வயதில் ஒரே மூச்சில் ஒப்புவித்துக் கைதட்டு வாங்கியிருக்கிறார். சிங்களவரும் தமிழரும் சோனகரும் ஒன்றாக உட்கார்ந்திருந்த அந்த முதல் மந்திரிசபைப் படத்தில் அவருக்கு அப்படி ஒரு பிரியம். அவர்கள் ஒரு துளி இரத்தம் சிந்தாமல் நாட்டை வாங்கித் தந்தவர்கள், பிழையெல்லாம் பிறகு வந்தவர்களால் வந்தது என்பது அவருடைய அசையாத கட்சி. சங்கத்தில் யார் மறுத்தாலும் விடமாட்டார்.

ஜெர்மன் மொழியில் பெயர்க்க ஸ்ரனிஸ்லாஸ் வந்தார். எண்பத்தைந்தாம் ஆண்டில் அகதிகள் விடுதியின் ஒரே அறையில் இருவரும் இருந்தவர்கள். ஒரு சட்டியில் சமைத்து, ஒரே குளிர்ச்சட்டையை முறைபோட்டு உடுத்தவர்கள். பிறகு ஸ்ரனிஸ்லாஸ் டிராம் ஓட்டுநராகி, சங்கத்தில் எல்லோரையும் விட நன்றாக ஜெர்மன் பேசப் பழகிக்கொண்டார்.

சமையலறை மேசையருகே உட்கார்ந்து கடைசி வரி வரை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“எங்க அப்பாவுக்கு இதுல எடம் இல்லையாண்ணே?”

நாற்பது வருடமாக யாழ்ப்பாணப் பேச்சுப் பேசிவந்த வாயில் மலைநாட்டுப் பேச்சைக் கேட்டதும் பரராசசிங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

ஸ்ரனிஸ்லாஸ் அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அது பரராசசிங்கத்துக்குத் தெரியும். சுதந்திரம் வந்த அதே வருடம், தோட்டத்தில் உழைத்த இலட்சக்கணக்கானவர்களின் குடியுரிமையைப் புதிய சட்டம் ஒன்று பறித்ததும் தெரியும். ஐந்து புள்ளிக் கேள்வியாக அதைப் பரீட்சையில் போட்டவரே அவர்தான். இரண்டையும் ஒருநாளும் ஒட்டிப் பார்த்ததில்லை.

ஸ்ரனிஸ்லாஸ் நிதானமாகச் சொன்னார். அப்பா சவரிமுத்து நாற்பத்தேழாம் ஆண்டுத் தேர்தலில் வாக்குப் போட்டவர். அடுத்த தேர்தலில் பெயர் இல்லை. பிறகு எழுபத்து நாலாம் ஆண்டு சாகும்வரை எந்த நாட்டுக்காரனாகவும் இருக்கவில்லை. பிள்ளைகளும் அப்படியே.

விடுதியில் விண்ணப்பம் நிரப்பிய நாள் பரராசசிங்கத்துக்கு ஞாபகம் வந்தது. குடியுரிமை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று ஸ்ரனிஸ்லாஸ் கேட்டபோது, இதென்ன கேள்வி என்று சிரித்து, தானே ‘இலங்கை’ என்று எழுதிக்கொடுத்தார். தொண்ணூற்றொன்பதில் நகரசபையில் ஜெர்மன் குடியுரிமைப் பத்திரம் வாங்கியபோது ஸ்ரனிஸ்லாஸ் விம்மி விம்மி அழுதார். ஊரை இழந்த துக்கம் என்று நினைத்து, ஊர் எங்கேயும் போகாது என்று தோளைத் தட்டியவரும் இவரே.

“ஏன்ராப்பா அண்டைக்கே சொல்லேல்லை?”

“நீங்க கேக்கல. முப்பத்தேழு வயசுல எனக்கு முதல் தடவையா ஒரு நாடு கெடைச்சுச்சு. அதுக்குத்தான் அழுதேன்.”

அந்தத் தாளைப் பரராசசிங்கம் கிழிக்கப் போனார். ஸ்ரனிஸ்லாஸ் கையைப் பிடித்துத் தடுத்தார். அந்தத் தலைவர்களை எடுக்கச் சொல்லவில்லை என்றார். பக்கத்தில் தன் அப்பாவும் இருந்தால் போதும்.

பரராசசிங்கம் அடுத்த கிழமை முழுக்கத் திருப்பி எழுதினார். அந்தச் சட்டத்துக்குக் கையுயர்த்தியவர்களில் தமிழரும் இருந்தார்கள் என்ற வரி வரும்போது பேனை நின்றது. அந்த முகங்கள் மீதிருந்த பிரியம் அவருக்குக் குறையவே இல்லை, அதுதான் உறுத்தியது. ஆனாலும் எழுதினார். ஜெயமலருக்குப் பிடிக்கவில்லை. ஜெர்மன்காரருக்கு முன்னால் எங்கள் வீட்டு ஊத்தையை ஏன் விரிக்கவேண்டும் என்று கேட்டாள்.

“அவையள் நாட்டையும் தந்தவை, இந்தப் பிழையையும் செய்தவை, தங்கச்சி. பாதியை மட்டும் எழுத எனக்கு ஏலாது. வேணுமெண்டால் வேற ஆளைப் பாருங்கோ.”

வேறு ஆள் இருக்கவில்லை. பலகை அப்படியே தொங்கியது. தலைவர்களின் படத்துக்குக் கீழே, அதே அளவு எழுத்தில்: ‘சவரிமுத்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளி. 1947இல் வாக்களித்தார். அதன்பின் அவருக்கு வாக்கு இருக்கவில்லை.’ திறப்பு நாளில் ஸ்ரனிஸ்லாஸ் மகள் லவினியாவைக் கூட்டிவந்து அந்த வரியைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். ஜெயமலரும் பின்னால் நின்று கேட்டாள்.

கூட்டம் கலைந்தபின் இருவரும் நூலக வாசலில் இருந்த மர வாங்கில் உட்கார்ந்தார்கள். பரராசசிங்கம் மெல்லக் கேட்டார்: “கொப்பர் அந்த வாக்குப் போட்ட நாளைப் பற்றி ஏதும் சொன்னவரோ?”

ஸ்ரனிஸ்லாஸின் முகம் மலர்ந்தது. நிறையத் தடவை சொல்லியிருக்கிறாராம். விடிகாலையில் குளித்து, கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அட்டைக்கடிக்கு உப்பு முடிச்சும் கட்டிக்கொண்டு ஐந்து மைல் நடந்தாராம். போகிற வழியெல்லாம் பாட்டாம்.

“பேரைச் சொன்னாராம். தொரை மாதிரி உடுத்திருந்தவரு பட்டியல்ல வெரல வச்சுத் தேடி, ‘ஓ, இருக்கிறீங்க’ன்னாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாருண்ணே, எங்கப்பா.”