நாணல் கரையில் எலிகள் இல்லை

1

இந்தக் கதை ஒரு ஜிடா மரத்தின் கவட்டில் கிடைத்தது. எண்ணெயில் வறுத்த ரொட்டித் துண்டுகள் அங்கே அடுக்கியிருந்தன. நாணலுக்குள் என் எலிப்பொறிகளில் நான் வைத்த துண்டுகள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சிர் தரியா ஆற்றங்கரையின் சிறு விலங்குகள் மணல்மேட்டையே விரும்புகின்றன. நாணலை அவை...’

(வேண்டாம். இது என் ஆய்வறிக்கையின் வரி. பொய்யென்று இப்போது தெரிகிறது: நாணலில் இரை போன பொறிகள் காலியாகக் கிடந்ததைத்தான் எலியே இல்லை என்று எழுதியிருக்கிறேன்.)

2

அந்த வரியை நம்பித்தான் ‘ஒன்றும் வாழாத’ நாணலைப் பண்ணைக்காரர்கள் வெள்ளிக்கிழமை எரிக்கப்போகிறார்கள். உள்ளே மூஞ்சூறும் வயலெலியும் குட்டி போட்டிருக்கும். பண்ணை மேலாளர் என் மாமனாரின் தம்பி.

3

கதைக்கு ஒரு குற்றவாளி வேண்டுமே. என் ஓரகத்தி ஒரின்குல் அக்காவைப் பிடித்துப் போட்டேன். முதல் பிரதியில் அவள் மாடு மேய்க்கப் போகிற வழியில் பொறிகளைக் கெடுக்கும் அசடு. சிரிப்பாகக்கூட வந்திருந்தது. பிறகுதான் நேரில் கேட்டேன்.

“அக்கா, பொறியில இருந்த ரொட்டிய நீங்களா எடுத்தீங்க?”

“பின்ன? மாடு மிதிச்சிடாதா? எடுத்து முத்தம் குடுத்து மரத்துல வெச்சேன். மணல்மேட்டுப் பக்கம் நான் போறதில்ல, அங்க கிடந்தா எனக்குத் தெரியாது.”

“அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“நல்லாருக்குடி! மாமா காதுல விழுந்தா? படிச்ச மருமவ எலிக்கு ரொட்டி போட்டாளாம்னு ஊரே சிரிக்கும். யாருகிட்டயும் மூச்சு விடல. நீ டீயக் குடி.”

* அடிக்குறிப்பு: பொறியில் எலிக்கு ரொட்டி வைப்பது எங்கள் விலங்கியல் துறையில் சாதாரணம். எங்கள் வீட்டில் கீழே விழுந்த துணுக்கைக்கூட எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்வோம். நானும்தான். பொறி வைக்கும்போது மட்டும் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொள்வேன்.

அசடு என்று எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டேன். கூச்சம் போகவில்லை.

4

முடிவுகள் யோசித்தேன். ரொட்டியைப் பறவைகள் தூக்கிப்போயின என்று சொல்லலாம். மேலாளர் சிரித்துவிட்டுத் தீ வைப்பார். அக்கா எடுத்தாள் என்று சொல்லலாம். நாணல் பிழைக்கும், என் மானத்தைக் காத்தவளின் மானம் போகும். இல்லையென்றால், ரொட்டியைத் தரையில் போட்டவள் நான், அறிக்கை தப்பு என்று மாமனார் எதிரிலேயே...

இந்த வாக்கியத்தை இதற்கு மேல் எழுத வரவில்லை.

காலையிலிருந்து தொலைபேசி பக்கத்திலேயே இருக்கிறது. அதை எடுத்து மேலாளரைக் கூப்பிடாமல் இருப்பதற்காகத்தான் கதை எழுத உட்கார்ந்தேன். வெட்கமாக இருக்கிறது. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் சீக்கிரம். நாளை வெள்ளிக்கிழமை.