ஒரே வரியில் ஒரு பந்து

ஆபீசுக்குப் புதிதாக வந்த பெண் நிரலில் ஒரே ஒரு வரி எழுதினாள். சுவர்த்திரையில் வெளிச்சமும் நிழலுமாக ஒரு பந்து வந்து நின்றது. கூட்ட அறையே கை தட்டியது. கடைசி நாற்காலியில் இருந்த பெரியவருக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. எரியாதா பின்னே? கணினியில் படம் வரைகிற அந்த நிரல் தொகுப்பு மொத்தமும் அவர் எழுதியது. வெளிச்சம் எங்கிருந்து, பார்வை எந்தக் கோணம், நிறம் எவ்வளவு என்று வரைகிறவர்தான் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டாலும் திரை கறுப்பாகவே நிற்கும். அதில் அவருக்கு ஒரு கர்வம். நேற்று வந்த இந்தப் பெண், வரைகிறவர் சொல்லாமல் விட்டால் தானாக வரும்படி எல்லாவற்றுக்கும் ஓர் அளவை வைத்துவிட்டாள்.

“வெளிச்சத்தை நீயே முடிவு பண்ணிட்டா வரையறவன் எதுக்கும்மா?” என்றார்.

“வேணும்னா மாத்திக்கலாம் சார். உங்களோடது ஒண்ணைக்கூட நான் தொடல. எல்லாம் உள்ளேயேதான் இருக்கு. வேணாங்கறவங்க கண்ணுல படாது, அவ்ளோதான்.”

கண்ணில் படாதாமே! அவர் சம்மதித்தால்தான் அவள் எழுதியது தொகுப்பில் சேர்ந்து வெளியே போகும். “பார்த்துட்டுச் சொல்றேன்” என்று எழுந்துவிட்டார். நாலு ஓட்டையாவது கண்டுபிடிக்காமல் விடுவதா?

சாயங்காலம் அவள் எழுதியதை வீட்டுக் கணினியில் ஏற்றிவிட்டு டீ போடப் போனார். திரும்பினால் கணினி முன்னால் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முன்பு வகுப்புக்காக ஒரு கூம்பு வரையப் பார்த்து, கறுப்புத் திரையோடு மல்லுக்கட்டி, ‘உங்க சங்காத்தமே வேணாம்’ என்று எழுந்து போனவள்.

“வந்துடுச்சுங்க!” திரையில் கூம்பு. “வெயில் சாய்ஞ்சு விழுந்தா நல்லாருக்குமேன்னு உள்ள போய்ப் பார்த்தேன். அடேயப்பா, எத்தனை வெச்சிருக்கீங்க! கடைசியில எனக்காக ஒரே வரியில வர்ற மாதிரி எழுதிட்டீங்க, இல்ல?”

ஆமாம் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“உள்ள இருக்கறது என்னோடது. அந்த முதல் வரி… ஆபீஸ்ல புதுசா ஒரு பொண்ணு.”

அவள் திரும்பவே இல்லை. “என்னைப் பார்த்ததுகூட இல்லியே. அவளுக்கு எப்படிங்க என்னைத் தெரிஞ்சுது?”

பொறாமை இன்னும் கூடியது; ஆனாலும் ஓட்டை தேடுவதை விட்டு, டீயை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு நின்று பார்த்தார். மனைவி படத்தின் வெயிலை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். கூம்பின் நிழல் நீண்டு, திரையின் ஓரத்தைத் தொட்டது.