பிறந்த நாள் பூஜ்யம்

ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் முரோயி சென்செய் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "சிகுசா சான், குட்டி பிறந்த அன்னைக்கு கூண்டு அட்டையில எத்தனாவது நாள்னு எழுதுவீங்க?"

"ஒண்ணுன்னு, சென்செய்."

அவர் மெல்ல நிமிர்ந்தார். எலிக்குட்டியின் சிறுநீரகத்தின் மேல் கடுகளவு ஒட்டியிருக்கும் அட்ரீனல் சுரப்பிக்குள் நரம்பு எந்த நாளில் வந்து சேர்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொள்ள சிகுசா வேலைக்கு வந்த வசந்த காலத்திலிருந்து ஓர் ஈற்றில் சரியாக வந்த நரம்பு இன்னோர் ஈற்றில் ஒரு நாள் பிந்தியது. நம்ம ரயில்கூட இப்படி லேட்டா வராது என்று நேற்றுவரை சிரித்துக்கொண்டிருந்தார்.

"இங்க பிறந்த நாள் பூஜ்யம். நான்தான் சொல்லியிருக்கணும்."

திட்டவில்லை. விடுமுறைகளில் மாணவர்களும் அட்டை எழுதியதால் எது யார் எண்ணியது என்று பிரிக்க முடியாது, புதிதாக நாற்பது குட்டிகளை மறுபடி அறுத்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

சிகுசா நாள் எண்ணப் பழகியது பௌத்தக் கோயிலில். இறந்தவர்களுக்கு இறந்த அன்றே முதல் நாள். பதினோரு வருடங்களுக்கு முன் மகன் தாகுமிக்கு அப்படித்தான் எண்ணினாள். அவன் உயிரோடு இருந்ததையும் அப்படியே எண்ணி, மூன்று நாள் என்பாள். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இரண்டு என்றிருந்தது. அந்த ஒரு நாளை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

நரம்பு வரும்வரை அந்தச் சுரப்பி யார் உத்தரவுக்கும் காத்திராது, மூச்சு முட்டினால் தானே போராடும் என்று சென்செய் ஒருமுறை சொல்லியிருந்தார். அன்று அவள் கண்ணாடித் தகடுகளை இரண்டாம் முறை கழுவினாள்.

"இலையுதிர் காலத்துல இங்க செத்த எலிகளோட நினைவுக் கல்லுக்கு எல்லாரும் பூ வைப்போமே, சென்செய். இந்த நாற்பதுக்கு மட்டும் நான் தனியா ஒண்ணு வைக்கலாமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டா வைங்க. ஒண்ணு என்னோடது."

மதியம் ஒரு கூண்டில் பத்துக் குட்டிகள் பிறந்திருந்தன. தோல் வழியே, குடித்த பால் வயிற்றில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது, ஒன்பதுக்கு. பத்தாவது மரத்தூளில் விலகிக் கிடந்தது. சிகுசா சுண்டுவிரலால் அதைத் தாயின் வயிற்றருகே தள்ளினாள். பேனா மூடி திறந்தே இருந்தது. புது அட்டையில் நாளுக்கான கட்டம் காலியாக இருக்க, அவள் குனிந்து, பத்தாவதின் சிவந்த சின்ன வயிற்றில் வெள்ளை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.