பயிரோடு நிற்பவர்

"மாப்ள, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்குங்க. உங்க தலை படத்துல விழுது," என்றார் மச்சான்.

அவன் தள்ளிக்கொண்டான். மக்காச்சோளம் மச்சானின் கழுத்து வரை நின்றது. கஞ்சி போட்ட சட்டை, கையில் ஒரு பச்சைக் கதிர். கதிரை ஒடிக்கத் தெரியாமல் செடியையே முறித்துப்போட்டிருந்தார். விவசாயி தன் பயிருக்குள் கதிரோடு நிற்கும் படம் அரசாங்கத்தின் ஆப்பில் ஏறினால்தான் விலை மானியம் வரும். படத்தில் இருப்பவர்தான் உழுதவர். அடுத்த விதைப்புக்கான உரிமையும் அவருக்குத்தான்.

போன அறுவடையில் மக்காச்சோள விலை படுத்துவிட்டது. அரசாங்கம் மானியம் அறிவித்தது. அறிவித்த வாரமே சுற்றுவட்டாரமெங்கும் விவசாயிகள் முளைத்தார்கள். நல்ல மழைக்குக்கூட அங்கே அப்படி எதுவும் முளைத்ததில்லை. பல் டாக்டர் விவசாயி. லாட்ஜ் முதலாளி விவசாயி. நகைக்கடைக்காரரின் மாமியார், படுத்த படுக்கையாகக் கிடப்பவர், அவரும் விவசாயி. கட்டிலோடு தூக்கிவந்து வரப்பில் வைத்துப் படம் எடுத்ததாகப் பேச்சு.

மச்சான் கொஞ்சம் தாமதம். நிலம் அவர் பெயரில்தான் இருந்தது. தங்கையைக் கட்டிக் கொடுத்தபோது, "நீங்களே பாத்துக்குங்க மாப்ள, எல்லாம் உங்களுக்குத்தானே," என்று வாயால் கொடுத்த நிலம். காலேஜ் படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவனும் அவளும் அதில் இறங்கினார்கள். அவள் போன பிறகு இந்த முறை தனியாக விதைத்தான். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காலையில் எழுந்து போக ஓர் இடம் வேண்டியிருந்தது. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மச்சான் ஒரே ஒரு தடவை வந்தார். ஆப்பிள் பையை வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பிவிட்டு, கார் நிறுத்த இடமில்லை என்று திரும்பிப் போய்விட்டார்.

"சிரிக்க வேணாம் சார். கண்ணை மட்டும் சிமிட்டுங்க, நேர்ல நிக்கிறீங்கன்னு போனுக்குத் தெரியணும்." வேளாண் அலுவலகத்துப் பெண் போனை உயர்த்தினாள். பிறகு இறக்கினாள். "கேட்டே ஆகணும். உழுதது யாரு?"

"நான்தாம்மா. அப்பா காலத்துலேருந்து."

"இவரு?"

"தங்கச்சி வீட்டுக்காரர். தங்கச்சி தவறிப்போச்சு. பாவம், மனசு சரியில்ல. பொழுதுபோக இங்க வந்து நிப்பாரு."

பொழுதுபோக. அவனுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்குக்கூட எதிரே மனிதன் என்று ஒருவன் இருக்க வேண்டும்.

"உழுதது நான்," என்றான்.

அவள் இருவரையும் பார்த்தாள். இன்றைக்கு இது முதல் வயல் இல்லை போலிருந்தது. "ரெண்டு பேர் சொன்னா தகராறுன்னு போட்டுடுவேன். விசாரணை முடியுற வரைக்கும் யாருக்கும் பைசா வராது. பரவால்லையா?"

"போடுங்க."

"மாப்ள, புத்தி கெட்டுப்போச்சா? உங்களுக்கு வர்றதும்தானே போகுது!"

"போகட்டும் மச்சான்."

"நிலத்தை விட்டு எறக்கிடுவேன், தெரியும்ல?"

"கதிர் இன்னும் பால்லதான் இருக்கு. முத்தட்டும். ஒடிச்சுட்டு எறங்குறேன்."

அந்தப் பெண் போனில் ‘தகராறு’ என்பதை அழுத்தினாள். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வரப்பேறிப் போனாள்.

மச்சான் பயிருக்குள் நின்றபடியே யாரோ பெரிய மனிதரைப் போனில் பிடித்தார். "அண்ணே, ஒரு விவசாயிக்கு இந்த நாட்டுல மரியாதை இல்லண்ணே..." குரல் தழுதழுத்தது.

அவன் மோட்டார் அறைக்குப் போய் சுவிட்சைப் போட்டான். குழாய் ஒரு முறை செருமிவிட்டுத் தண்ணீரைத் துப்பியது. வாய்க்கால் நிறைந்தது. மண்வெட்டியால் மடையைத் திறந்துவிட்டான். மச்சான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்று, கதிரை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். தண்ணீர் சருகுகளைத் தள்ளிக்கொண்டு, அவருடைய பளபளக்கும் ஷூவை நோக்கி நிதானமாக வந்துகொண்டிருந்தது.