கண்ணாடிக்காரரின் பதக்கங்கள்

முகம் கழுவிக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்தபோது, அவள் புருஷன் நெஞ்சு நிறையப் பதக்கங்களோடு படுத்திருந்தார்.

கொழுந்தன் கடைசிப் பதக்கத்தின் ஊசியைச் சட்டையில் செருகிக்கொண்டிருந்தான். கண்ணீரில் ஊசிமுனை தெரியாமல் விரலில் வேறு குத்திக்கொண்டான். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். நடுரோட்டில் லாரிக்காரர்களையே அதட்டி ஓரங்கட்ட வைக்கும் தொண்டை அவனுக்கு. இன்றைக்கு அதிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

"எப்படி இருக்கு அண்ணி? ராஜா மாதிரி இல்ல?"

அவளுக்குப் பகீரென்றது. அழகாகத்தான் இருந்தது, அதுதான் தொல்லை. சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக ரிப்பன்கள், அவற்றின் கீழே மங்கிய வெள்ளி வட்டங்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர், தெருவில் டயர் வெடித்தால்கூடக் காதைப் பொத்திக்கொள்கிறவர், ஏதோ போர்க்களத்திலிருந்து நேராக வந்து படுத்தவர் போல இருந்தார். நேற்றுச் சாயங்காலம் கடையில் யாருடைய கண்ணாடிக் காலுக்கோ திருகு முடுக்கிக்கொண்டிருந்தவர், அப்படியே மேஜை மேல் சாய்ந்துவிட்டார். அவ்வளவுதான் அவருடைய யுத்தம்.

பழைய ராணுவப் பதக்கங்கள் சேர்ப்பது அவருக்குப் பித்து. வீரதீரத்துக்குக் கொடுத்ததெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது என்று, போருக்குப் போன எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்தவற்றைத்தான் பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடிப்பார். பதக்கத்தின் விளிம்பில் அதைப் பெற்றவனின் பெயரும் எண்ணும் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். கடை லென்சால் அதைப் படித்து, எங்கெங்கோ எழுதிக் கேட்டு, அந்த ஆள் யார், என்ன செய்தான், வீடு திரும்பினானா என்று துருவி எடுக்காமல் விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் பட்டாளமே கூட வந்து உட்காரும். "ஜெனரல், முதல்ல தட்டைப் பாருங்க" என்று அவள்தான் விரட்ட வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் நிஜமாகவே ஜெனரல். பதக்கத்தை எடுத்துப் பார்க்கலாம், துடைக்கலாம், யாரும் சட்டையில் குத்தக் கூடாது. கல்யாணமான புதிதில் அவள் விளையாட்டாக ஒன்றை எடுத்துத் தன் தோளில் வைத்துப் பார்த்தாள். கோபமே வராத மனிதரின் முகம் சுண்டிப்போயிற்று. "அது அந்தாளோட நெஞ்சும்மா. நாம பத்திரமா வச்சிருக்கலாம். போட்டுக்கக் கூடாது."

கொழுந்தனுக்கும் அது தெரியும். துக்கத்தில் மறந்துவிட்டான். விடிய விடிய என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தவனுக்கு, அண்ணனுக்குச் செய்ய ஒரு காரியம் கிடைத்திருக்கிறது. அதைப் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம்தானே, போகட்டும் என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அதற்குள் அமரர் ஊர்தி ஓட்டும் வண்டிக்காரர் வந்துவிட்டார். வாசலைத் தாண்டியவர் பதக்கங்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பப் போட்டுக்கொண்டு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். உட்கார்ந்திருந்த கடை வாடிக்கையாளர்களும் அக்கம்பக்கத்தாரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள்.

"இத்தனை நாள் பக்கத்துலயே இருந்தும் சொல்லவே இல்ல பாரேன் மனுஷன்" என்று மாடிவீட்டு அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"ஐயா எந்தப் படைங்க?" வண்டிக்காரர் கேட்டார். கொழுந்தன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பரவால்ல சார், அழாதீங்க. என் ஃபோன்ல கொம்பு ஊதறது இருக்கு. பட்டாளத்துக்காரங்கள தூக்கறப்ப போடுவேன். தெருமுனை வரைக்கும் கேக்கும்."

"போடுங்க" என்றான் கொழுந்தன்.

அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். செத்தவர் முகத்தில் கூச்சம் தெரியாது என்று யார் சொன்னாலும் அவள் நம்பமாட்டாள். இந்த மனிதரை இப்படி அனுப்ப முடியாது. பளிச்சென்று சொல்லிவிடலாம்தான், ஆனால் இத்தனை பேர் நடுவில் கொழுந்தன் கூனிக்குறுகிப் போவான்.

"கொஞ்சம் இருங்க" என்று எழுந்துபோய், முதல் பதக்கத்தின் மேல் விரலை வைத்தாள். "தம்பி, இது யாருது?"

"என்ன அண்ணி இப்ப போய்?"

"மறந்துட்டியா? உன் காதுலயும்தானே ஓதினாரு."

"மறப்பேனா? கோவேறு கழுதை ஓட்டினவரு. ஆத்துல வெள்ளம் வந்தப்ப எல்லாரும் கழுதைய விட்டுட்டு நீந்தி வந்துட்டாங்க. இவரு மட்டும் அதோட கழுத்தைக் கட்டிக்கிட்டே கரையேறினாரு. என்னப்பா இவ்ளோ பாசம்னு ஆபீசர் கேட்டதுக்கு, பாசமெல்லாம் இல்லீங்க, எனக்கு நீச்சல் தெரியாதுன்னாராம்."

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"அப்ப இது?"

"சமையல்காரர். கோட்டைய வளைச்சுட்டானுங்க, உள்ள ஒரு பிடி மாவு இல்ல. ஆனாலும் தினம் காலி அடுப்பை மூட்டுவாராம். புகையப் பாத்தா, இவனுங்ககிட்ட இன்னும் சாப்பாடு இருக்குன்னு எதிரி நெனச்சுக்குவான்ல."

"இது?"

"துணி வெளுத்தவரு. அவரு திரும்பி வரவே இல்ல. மெடல் மட்டும்தான் வீட்டுக்கு வந்துச்சு. அவங்க அம்மா அதை..."

கொழுந்தன் நிறுத்தினான். பதக்கத்தையும் அண்ணன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கழுத்து வரை சிவந்துபோனான்.

"அண்ணி, என்ன காரியம் பண்ணிட்டேன். அண்ணன் என்னை மன்னிக்கவே மாட்டாரு."

"மன்னிச்சுடுவாரு. முதல்ல கழுவிக் கழுவி ஊத்துவாரு, அப்புறம் மன்னிப்பாரு."

அழுகையும் சிரிப்புமாக அவன் ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தான். கழற்றக் கழற்றக் கதையும் சொன்னான், அண்ணன் சொல்வதைப் போலவே கையை ஆட்டி ஆட்டி. அவன் தொண்டை திரும்பி வந்தது. வண்டிக்காரர் ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார்.

"அப்ப ஐயா பட்டாளம் இல்லீங்களா?"

"கண்ணாடிக் கடைங்க" என்றாள் அவள். "துப்பாக்கிய படத்துல பாத்தாலே தண்ணி குடிப்பாரு."

இந்தத் தடவை யாரும் வாயைப் பொத்தவில்லை.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. கொழுந்தன் அதன் விளிம்பைத் தடவினான். "இதுல பேரை யாரோ அரத்தால ராவி எடுத்துட்டாங்க. அண்ணனும் லென்சை வச்சுப் பாத்து பாத்து ஓஞ்சுட்டாரு." அவன் குரல் தழைந்தது. "இது ஒண்ணையாவது விட்டுடலாம் அண்ணி. இதான் யாருதும் இல்லையே."

கூடமே அவளைப் பார்த்தது. அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. முன்பின் தெரியாத இத்தனை பேருக்காக மாய்ந்து மாய்ந்து அலைந்தவர், வெறும் சட்டையோடு போவானேன்? ஒன்றே ஒன்று இருந்துவிட்டுப் போகட்டுமே. யார் கேட்கப் போகிறார்கள்?

பதக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. அதை நேராக்கினாள். ஒரு கணம் அப்படியே வைத்துப் பார்த்தாள்.

"யாருதும் இல்லன்னு இல்ல தம்பி. யாருதுன்னு நமக்குத் தெரியல" என்று ஊசியை விடுவித்தாள்.

தூக்க ஆட்கள் குனிந்தார்கள். சட்டையின் இடது பக்கம் முழுக்க ஊசி ஓட்டைகள் தெரிந்தன.

"ஒரு நிமிஷம்" என்றாள்.

கட்டைவிரல் நகத்தால் அந்தத் துணியை மெல்லத் தேய்த்தாள். நூல்கள் நகர்ந்து ஓர் ஓட்டை மூடிக்கொண்டது. அடுத்ததைத் தேய்த்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.