பாத்துத் தாங்கோ

குருநகர்க் கரையில் மீன் கூறி விற்பது என் தொழில். பாரைமீன் குவியலைக் கண்ட மாத்திரத்தில் விலையைச் சொல்லி, ஏலத்தை ஏற்றி, ஒருவரும் முகம் சுளிக்காமல் முடித்து வைப்பேன். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த மனைவிக்கு விலை சொல்லவே வராது.

வசந்தினி உடுப்புத் தைப்பவள். பிள்ளைகள் கோயிலில் எடுக்கும் முதல்நன்மைக்கு, கலியாணத்துக்கு என்று எங்கள் முன்னறையில் எந்நேரமும் வெள்ளைத் துணி விரிந்து கிடக்கும். ஒவ்வொரு முத்தாகக் கையால் தைப்பாள். பத்து நாள் குனிந்திருந்து தைத்ததை வாங்க வருபவர்கள் எவ்வளவு என்று கேட்டால், "நீங்கள் பாத்துத் தாங்கோ" என்பாள். அவர்கள் தங்கள் கைப்பையைத்தான் பார்ப்பார்கள்.

"உமக்கு வாய் இல்லையே?" என்று நான் கத்தாத நாளில்லை.

"சொந்தக்காரரிட்டை எப்பிடியப்பா வாய் திறந்து கேக்கிறது?"

கேட்காததில் நட்டமானது காசு மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆறு வருடத்துக்கு முன் என் அக்கா சிசிலியா, மூத்த மகளின் கலியாண உடுப்பை டவுனில் ஒரு கடையில் தைப்பித்தாள். அடுத்த தெருவில் இருக்கும் மச்சாளுக்கே தன் வேலையில் நம்பிக்கை இல்லை என்று வசந்தினி அழுதாள். அக்காவிடம் நியாயம் கேட்கவும் என்னை விடவில்லை. அந்தக் கவலை அவளை விட்டுப் போகவே இல்லை.

இந்த வருடம் பாஸ்குப் பெருநாள் முடிந்த கையோடு அக்கா இளையவள் ஷெரோனைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"தன்ரை கலியாண உடுப்பை மாமிதான் தைக்கவேணும் எண்டு இவள் ஒற்றைக்காலிலை நிக்கிறாள். எவ்வளவு வரும் பிள்ளை?"

வசந்தினி கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். எனக்கு வேர்த்தது. கூடப்பிறந்தவளிடம் எப்படி?

"எங்கடை பிள்ளைதானே அக்கா, நீங்கள் பாத்து…" என்று என் வாய்தான் முந்திக்கொண்டது.

வசந்தினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருடமாக அவளைத் திட்டிய வாய் இது.

"நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கோ," என்றாள். பிறகு அக்காவிடம், "கடைக்காரர் விலை சொல்லுவினம்தானே மச்சாள், நானும் சொல்லுறன். துணி உங்கடை. தையலும் முத்துவேலையும் பதினொரு நாள் பிடிக்கும். முப்பத்தையாயிரம். தலைக்குப் போடுற முக்காட்டு நெற் ஷெரோனுக்கு என்ரை பரிசு. அதுக்குக் காசு தந்தால் வாங்கமாட்டன்."

நான் மூச்சு விடவில்லை. அக்காதான் பெருமூச்சு விட்டாள்.

"அண்டைக்கும் இப்பிடிச் சொல்லியிருந்தால் மூத்தவளின்ரை உடுப்பையும் உம்மட்டைத்தான் தந்திருப்பன் பிள்ளை. பாத்துத் தாங்கோ எண்டால் நான் எவ்வளவைத் தாறது? குறையத் தந்தால் தம்பி மனசுக்கை வைச்சிருப்பான். கூடத் தர அப்ப கையிலை இருக்கேல்லை. அந்தப் பயத்திலைதான் கடைக்குப் போனனான்."

வசந்தினி அளவுநாடாவை எடுத்து ஷெரோனின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள். கண்ணில் நீர் முட்டியிருந்தது.

"இஞ்சேருங்கோ," என்றாள் என்னிடம். "எனக்கு நம்பர் தெரியேல்லை. எவ்வளவு எண்டு சொல்லுங்கோ."

நான் குனிந்து பார்த்து, கரையில் கூறுகிற குரலிலேயே சொன்னேன்.

"இருபத்தெட்டு."